வெளியே திறந்த கதவு

அந்தக் கதவைக் கழற்றி மாட்டியது நானும் லோயிஸ் டீச்சரும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எங்கள் கிழக்கு மூலையில் யாரைக் கேட்டாலும் யோசனை தன்னுடையது என்று மார்தட்டுகிறார்கள். அன்றைக்கு அப்படி ஒரு யோசனையை அவர்களில் ஒருத்தரும் சொல்லவில்லை. சுத்தியல் பட்டு என் கட்டைவிரல் நீலம் பாரித்துப் போனதே, அதைக் கேளுங்கள், அது சொல்லும்.

என் பெயர் பேஷன்ஸ் தேயர். பேஷன்ஸ் என்றால் பொறுமை. பெயர் வைத்த என் அப்பா பாவம், என்னவோ நம்பி வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அசகேல்தான் அந்த வருஷம் எங்கள் வட்டாரப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாளர். வாத்தியாரைப் பிடித்து வருவது, தங்க இடம் பார்ப்பது, அடுப்புக்கு விறகு சேர்ப்பது எல்லாம் அவர் தலையில். அதாவது என் தலையில்.

மாசசூசெட்ஸ் மலைப்பக்கத்தில் எல்லா ஊரிலும் அப்போது ஒரே வழக்கம்தான். கோடையில் பொடிசுகளுக்குப் பாடம் சொல்லப் பெண் டீச்சர், குளிர்காலத்தில் ஆண் வாத்தியார். குளிரில்தான் வயல் வேலை இருக்காது. மீசை முளைத்த தடியன்களெல்லாம் பள்ளிக்கூடம் வருவார்கள். அவர்களை மேய்க்க ஒரு ஆம்பளையும் ஒரு சவுக்கும் வேண்டும் என்பது ஊர்ப் பேச்சு. அந்தத் தடியன்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஏதாவது ஒரு நாள் விடியும் முன்னே உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். வாத்தியார் அன்று மத்தியானத்துக்குள் உள்ளே வந்துவிட்டால் பையன்கள் தோற்றார்கள். அவர் சவுக்கை எடுத்து விளாசலாம், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு குளிர்காலம் முழுக்க அடங்கி இருப்பார்கள். வரமுடியாமல் போனால் அவர் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அவர்களுடைய அப்பன்மாரும் இதைத்தான் செய்தார்கள். அதனால் யாரும் கண்டிப்பதில்லை. வேடிக்கை பார்க்க வருவார்கள்.

முந்தின குளிர்காலத்தில் வந்த வாத்தியாரை அப்படித்தான் துரத்தினார்கள். பள்ளிக்கூடம் பாதியில் மூடிக் கிடந்தது. இந்த வருஷம் எந்த ஆம்பளையும் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கத் தயாராக இல்லை. அப்போதுதான் நான் அசகேலிடம், ஏன் ஒரு பெண்ணைக் கூப்பிடக் கூடாது என்றேன். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

லோயிஸ் டார்பெல் வந்தாள், எங்கள் வீட்டு மாடியிலேயே தங்கி என்னை அத்தை என்று கூப்பிட்டாள். குச்சி மாதிரி உடம்பு, மூக்கு நுனி எப்போதும் சிவப்பு. டீச்சர் வேலைக்கென்றே லெக்சிங்டனில் புதிதாகத் திறந்திருந்த பள்ளியில் படித்தவள். அந்தப் பள்ளியைத் திறக்க வைத்தவர் பாஸ்டனில் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்த ஹோரஸ் மான். ஏழை வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ், ஒரே பெஞ்சில், காசில்லாமல் படிக்கவேண்டும் என்று மாகாணம் முழுக்கக் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்த மனுஷன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உப்பைவிட அதிகமாக வந்தது அவர் பெயர்தான். அவரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாயா என்று ஒருநாள் கேட்டேன். ஒருதரம் மேடையில், தூரத்தில், தூணுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் பார்த்தாளாம். பாதி முகத்துக்கே இந்தக் கூத்தா என்று சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பொடிசுகளின் பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

நான் குள்ளச்சி. உட்கார்ந்தேன், கால் தரையில் எட்டவில்லை. அப்படியே இருங்க என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைச் சுத்தம் செய்யப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தொடை மரத்தது, பிறகு பாதம் மரத்தது, பிறகு எனக்குக் கோபம் வந்தது.

"இப்படித்தான் அத்தை நாள் பூரா தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்குதுங்க," என்றாள். "அதுங்க நெளிஞ்சா வாத்தியார் அடிக்கிறார். இதெல்லாம் செயலாளர் எழுதியிருக்கார்."

அன்றிலிருந்து நான் அந்தச் செயலாளரைக் கிண்டல் பண்ணவில்லை. பாஸ்டனில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளுக்கு எங்கள் கிழக்கு மூலைப் பிள்ளைகளின் கால் வலி தெரிந்திருக்கிறதே என்று மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. பெற்ற எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

பிரச்சினை ஆரம்பித்தது லேசி வீட்டுப் பிள்ளைகளால். மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள்; அந்த வேலைக்கு வந்த ஐரிஷ் கூலிக்காரர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் பலகைக் குடிசைகளில் இருந்தார்கள். லேசி என்பவனுக்கு ஹனோரா என்று ஒரு பெண், அவளுக்குக் கீழே இரண்டு பொடியன்கள். தினமும் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பனியில். லோயிஸ் அவர்களை உள்ளே வரச் சொன்னாள். உட்கார இடமில்லை.

இடமில்லை என்பது மெய்தான். அறை அவ்வளவு சின்னது. ஸ்கொயர் வில்லார்டுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. ஸ்கொயர் என்றால் எங்கள் பக்கத்துப் பெரிய மனுஷர், பாதி நிலமும் பத்திரப் பெட்டியும் அவரிடம்தான். தன் பிள்ளையைக் காசு கட்டித் தனிப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, இங்கே எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, குடிசைப் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது, அந்தப் பெண் குளிர்காலப் பள்ளியைத் தாங்கமாட்டாள் என்றும், பையன்கள் அவளை விரட்டியதும் தானே சவுக்குப் பிடித்த ஒரு வாத்தியாரைக் கொண்டுவரப் போவதாகவும், அப்போது ஓடைக்கு அந்தப் பக்கத்து மூச்சே உள்ளே வராது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அசகேல் பைப்பை எடுக்கவே இல்லை.

அன்று இரவு லோயிஸ் சாப்பிடவில்லை. பீன்ஸை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே இருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"அத்தை, கதவு!"

"கதவுக்கு என்னடி?"

"அது உள்ளே திறக்குது. அது திரும்புற இடம் பூரா காலியா கிடக்குது. வெளியே திறந்தா அங்க ஒரு பெஞ்ச் போடலாம்."

மலைப்பக்கத்தில் யாராவது கதவை வெளியே திறக்கிற மாதிரி மாட்டுவார்களா? பனி குவிந்தால் உள்ளே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆண்களிடம் சொன்னால் வசந்தம் வரைக்கும் சிரிப்பார்கள். ஆனால் தானியக் களஞ்சியத்துக் கதவு வெளியேதான் திறக்கிறது, பனியைத் தள்ளிவிட்டுத்தானே நாங்கள் தினமும் மாட்டுக்கு வைக்கோல் எடுக்கிறோம்? அந்த வாரக் கடைசியில் அசகேல் ஸ்லெட் என்கிற பனி வண்டியில் மரம் ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் போயிருந்தார். என் மூத்தவன் ஆரின், மற்றத் தடியன்களோடு காட்டில் மரம் வெட்டப் போயிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் அசகேலின் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். கதவைக் கழற்றினோம், கீலை வெளிச் சட்டத்தில் அடித்தோம், களஞ்சியக் கதவு மாதிரியே வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டோம். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே ஒரு கொக்கி. அந்த மூலையில் ஒரு பழைய பெஞ்சைப் போட்டோம். கட்டைவிரல் நசுங்கியது அப்போதுதான். என் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு டீச்சர் முகம் மூக்கைவிடச் சிவந்தது.

திங்கட்கிழமை தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, கதவு முன்னால் பனியைத் தள்ள அப்பாவின் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வரும்படி லோயிஸ் ஹனோராவிடம் சொல்லிவிட்டாள். ஊரில் ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை நாங்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஸ்கொயர் மனைவி என் விரலைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். பால் செம்பு விழுந்தது என்றேன். தேவாலயத்திலேயே பொய். என்ன செய்வது.

அன்று ராத்திரி பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. திங்கட்கிழமை விடியற்காலையில் பால் கறக்க எழுந்தால் ஆரினைக் காணோம். படுக்கை காலி, பூட்ஸ் காலி, சுட்டு வைத்திருந்த ஆப்பிள் பலகாரமும் முழுசாகக் காலி. அப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து என் பிள்ளையே, என் வீட்டுச் சோறு தின்கிற டீச்சரையே துரத்தக் கிளம்பிவிட்டானே! அதுவும் என் பலகாரத்தைத் தின்றுவிட்டு!

நானும் லோயிஸும் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. வாசலில் இடுப்பளவு பனி குவிந்திருந்தது. பையன்கள் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே ஏறியிருக்கிறார்கள், தடம் தெரிந்தது. உள்ளிருந்து ஒரே கும்மாளம். வேலியோரம் நாலைந்து ஆண்கள், பொடிசுகள், எல்லாருக்கும் முன்னால் ஸ்லெட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு ஸ்கொயர். அவருக்கு மட்டும் யார் சொல்லியனுப்பினார்களோ தெரியாது. கையில் நீளமான குதிரைச் சவுக்கு.

ஓரமாக ஹனோரா நின்றாள். தன்னைவிட உயரமான மண்வெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு கையில் தம்பிகள். சின்னவன் பூட்ஸில் பாதி வைக்கோல் அடைத்திருந்தது. முகத்தைக் கழுவி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி அனுப்பியிருந்தாள் அவர்கள் அம்மா. அந்தத் தலைமுடி உறைந்து விறைத்து நின்றது.

ஜன்னலில் ஆரின் தலை எட்டிப் பார்த்தது. "டீச்சர், உங்க பெட்டிய எங்கம்மா கட்டித் தருவாங்க. கட்டை போட்டாச்சு!" என்று கத்தினான். பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்ததும் தலை உள்ளே போய்விட்டது.

கட்டை என்றால் ஓக் மரக் கட்டை. வாசலுக்கு உள்பக்கம், இரண்டு நிலையிலும் இரும்புக் கொண்டி அடித்து, அதில் குறுக்கே போடுவது. எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து கதவோரம் சாத்தி வைத்திருக்கும். எத்தனையோ வாத்தியார்களை வென்ற கட்டை அது. முந்தின வருஷத்து வாத்தியார் தோளால் மோதி மோதித் தோளே இறங்கிப்போனது.

ஸ்கொயர் இரக்கத்தோடு பேசினார். "எதுக்கும்மா கஷ்டப்படுற? அது ஓக். மத்தியானம் வரைக்கும் நின்னு விறைச்சுப் போறதுக்கு இப்பவே கிளம்பினா, நானே வெளியூர்க் குதிரை வண்டி நிக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விடறேன்."

லோயிஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கட்டை நிலையில் இருக்கிறது. நிலைக்கு உள்பக்கம். கதவு நிலைக்கு வெளிப்பக்கம். கதவுக்கும் கட்டைக்கும்...

அவள் என் முழங்கையைப் பிடித்தாள். என் காதருகே குனிந்தாள்.

"அத்தை," என்றாள் மூச்சுவிடாமல், "அந்தக் கட்டைய நாம யோசிக்கவே இல்லையே."

ஐயோ, எனக்கு வந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பேன்! சால்வையை வாயில் திணித்துக்கொண்டேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்தார்களாம். பிற்பாடு சொன்னார்கள்.

லோயிஸ் ஹனோராவைக் கூப்பிட்டு மண்வெட்டியை வாங்கினாள். வாசலில் குவிந்த பனியை வாரி எறிய ஆரம்பித்தாள். ரயில் வேலைக்காரன் மண்வெட்டி, ஒவ்வொரு முறை வாரும்போதும் அவளே கூடச் சேர்ந்து போய்விடுவாள் போலிருந்தது. பொறுக்காமல் நான் பிடுங்கிக்கொண்டேன். பொடியன்கள் இரண்டு பேரும் கையாலேயே அள்ளினார்கள். வேலியோரம் ஒரே சிரிப்பு. கதவு உள்ளே திறக்கும், வெளியே எதற்குப் பள்ளம் பறிக்கிறார்கள் என்று ஒருத்தர் கேட்டார். டீச்சர் புதைந்துகொள்ளக் குழி வெட்டுகிறாள் என்றார் இன்னொருத்தர். அத்தனை பேரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அத்தனை பேர் மண்டைக்குள்ளும் அந்தக் கதவு உள்ளேதான் திறந்தது. கீல் வெளியே பளபளவென்று முகத்துக்கு நேரே நிற்கிறது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

உள்ளே இருந்தவர்களைச் சொல்லவே வேண்டாம். கதவு திரும்ப வேண்டிய இடத்தில் புது பெஞ்ச் ஒன்று கிடக்கிறதே, அப்படியானால் கதவு எப்படித் திறக்கும் என்று ஒரு தடியனுக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. அந்த பெஞ்சையே தூக்கிக் கட்டைக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் ஆரினும் இன்னும் மூன்று பேரும் முதுகைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, டீச்சர் வந்து மோதட்டும் என்று காத்திருந்தார்கள்.

பனி விலகியது. லோயிஸ் கையுறையைத் தட்டிக்கொண்டாள். தொப்பியை நேராக்கிக்கொண்டாள். அவள் கொக்கியை எடுத்துவிட்டுக் கதவை இழுத்தாள்.

திறந்தது! கிரீச் என்றுகூடச் சொல்லாமல், வெண்ணெய் மாதிரித் திறந்தது. கீலுக்குப் பன்றிக் கொழுப்பு தடவியது நான்தான், அதையும் எழுதி வையுங்கள்.

உள்ளே முட்டுக் கொடுத்து நின்ற நாலு முதுகுகள் தெரிந்தன. குளிர்காற்று பிடரியில் பட்டதும் நாலு தலையும் மெதுவாகத் திரும்பின. என் பிள்ளை முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கன்றுக்குட்டி கண்ணாடி பார்த்த மாதிரி.

"காலை வணக்கம்," என்றாள் லோயிஸ். நாலு பேரும் பெஞ்சோடு விலகினார்கள்; அவள் குனிந்து கட்டைக்கு அடியில் நுழைந்து உள்ளே போய் நின்றாள்.

அவ்வளவுதான். வேலியோரம் யாரோ ஒருத்தர் தொப்பியைப் பனியில் வீசிவிட்டு, டீச்சர் உள்ள போயிட்டாங்க என்று கூவினார். அதுவரை கிண்டல் பண்ணிய அதே ஆட்கள்தான், விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதித்தேன் என்கிறார்கள். இருக்கலாம்.

ஸ்கொயர் ஸ்லெட்டிலிருந்து இறங்கி வந்தார். அவர் முகம் கோணியிருந்தது, ஆனால் சட்டம் சட்டம்தான், அவரும் அந்தக் கட்டையைப் போட்டு வளர்ந்தவர். சவுக்கை நீட்டினார்.

"ஜெயிச்சுட்டே. இந்தா. இப்ப உரிச்சாத்தான் அடங்குவானுங்க. யார் முதல்ல?"

ஆரின் முன்னால் வந்தான். கோட்டைக் கழற்றினான். சனியன், என் பலகாரத்தைத் தின்றவன், அடி வாங்க வேண்டியவன்தான். ஆனாலும் அந்தச் சவுக்கு குதிரைக்குப் பிடிப்பது. அவன் கோட்டை மடித்து வைத்த விதத்தைப் பார்த்து எனக்கு அவன் பொடியனாக இருந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் அவனுக்கு ஜென்மத்துக்கும் அவமானம். வாசலில் ஹனோரா தம்பிகளின் கண்ணைப் பொத்தினாள்.

லோயிஸ் சவுக்கைப் பார்த்தாள். "கதவோரம் மாட்டிடுங்க ஸ்கொயர், போகும்போது மறந்துடாதீங்க," என்றாள். பிறகு ஆரினைப் பார்த்தாள். "கோட்டைப் போடு. குளிருது. அந்தக் கட்டைய எடு."

அவன் எடுத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டையாலேயே அடிக்கப் போகிறாளோ என்று ஒரு பொடிசு முனகியது.

"பெஞ்சை மூலைல போடு. சரி. இப்ப கட்டைய கீழ வை. பெஞ்சுக்கு முன்னாடி. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு."

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என் தொடை அன்றைக்கு மரத்ததே, அதற்குப் புரிந்தது.

லோயிஸ் வாசலைப் பார்த்து, உள்ளே வாங்க என்றாள். லேசி வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் வந்தார்கள். பூட்ஸிலிருந்த பனியை வெளியே தட்டிவிட்டு, சுவரோரமாக ஒட்டிக்கொண்டே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஹனோராவின் கால் ஓக் கட்டை மேல் பதிந்தது. பெரிய தம்பி காலும் பதிந்தது. எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தை அடைத்து வைத்த கட்டை. அது மேல் அந்தக் கிழிந்த பூட்ஸுகள். நான் அழுதேன், இந்த முறை நிஜமாகவே.

ஸ்கொயர் அந்த பெஞ்சைப் பார்த்தார், வாசலில் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். ஸ்லெட்டில் ஏறிப் போனார். சவுக்கை மறந்துவிட்டார். அது வசந்தம் வரைக்கும் அங்கேயே தொங்கியது. ஹனோராவின் தம்பிகள் அதில் கம்பளித் தொப்பியை மாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ஆரின் சாப்பாட்டு மேஜையில் தலை நிமிரவில்லை. டீச்சர் மாடிக்குப் போகும்வரை காத்திருந்தான். நான் பேசவே இல்லை. என் வாழ்க்கையில் நான் பொறுமையாக இருந்த ஒரே சாயங்காலம் அது.

"அம்மா," என்றான் கடைசியில். "அப்பாவோட ரம்பம் எங்க?"

"எதுக்கு? இன்னும் எதைக் கெடுக்கப் போற?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்தச் சின்னவனுக்குக் கால் எட்டல. அந்தக் கட்டை மேல இன்னொரு துண்டு வச்சு அடிக்கணும்."